காரீயமும் கேவி லைனும்: அவிசாவளையில் ஒரு நூதனசாலை வேண்டும்

"அது வெள்ளைக்காரன் போட்ட ரயில், வெள்ளைக்காரன் தோண்டின சுரங்கம். அதைக் காப்பாத்தி நமக்கு என்ன வரப்போகுது?" கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா முறையான ஒருவர் கேட்டார். கடுகண்ணாவை ரயில் நூதனசாலைக்குப் போய் வந்ததைப் பற்றியும், பழைய சுரங்கங்களைப் பற்றியும் நான் கொஞ்சம் உற்சாகமாகப் பேசிவிட்டேன், அதற்கு வந்த பதில் இது. அவர் கோபமாகச் சொல்லவில்லை, பாயாசத்தைக் கேட்டுக்கொண்டே சொன்னார். அடுத்த பேச்சு பவுண் விலைக்குப் போய்விட்டது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி அங்கேயே நின்றுவிட்டது. அதில் பாதி உண்மை இருந்ததுதான் காரணம். மற்றப் பாதி ஏன் உண்மையில்லை என்று அன்றைக்கு என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை, இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்ளலாம். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரையான 54 கிலோமீற்றர் பாதையில் 1864 டிசம்பர் 27 அன்று முதல் ரயில் ஓடியது, 1867இல் பாதை கண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. மலையிலிருந்து கோப்பி இறங்கவேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும். யாருக்கும் ஊர் சுற்றிக் காட்டுவதற்காக யாரும் அந்தத் தண்டவாளத்தைப் போடவில்லை. ஒப்பந்தக்காரர் பேவியெல், பொறியியலாளர் மோல்ஸ்வேர்த் என்று இரண்டு பெயர்களை ரயில் வரலாறு எழுதுகிற எல்லாரும் எழுதுகிறார்கள். சரி, எழுதட்டும். ஆனால் கடுகண்ணாவை ஏற்றத்தில் 44 அடிக்கு ஓர் அடி உயர்கிற அந்தப் பாதைக்காகப் பாறையை உடைத்தவர்கள், மண் சுமந்தவர்கள், காய்ச்சலில் அங்கேயே விழுந்து போனவர்கள் யார்? தென்னிந்தியாவிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கொண்டுவரப்பட்ட தமிழ்க் கூலிகள் அவர்களில் ஏராளம். அவர்களுடைய ஒரு பெயர்கூட எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை. ஆகவே "வெள்ளைக்காரன் போட்ட ரயில்" என்று சொல்லும்போது, போட்டவர்களை நாமே ஒரு தடவை அழித்துவிடுகிறோம் என்று எனக்குப் படுகிறது.

சுரங்கத்தின் கதை இன்னும் தெளிவு. இலங்கையின் பெரிய சுரங்கத் தொழில் காரீயம், அதாவது பென்சிலுக்குள் இருக்கிற கிராஃபைட், அது பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களின் கையில்தான் இருந்தது. முதல் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் தந்தை செல்வம் சேர்த்தது காரீயத்தில். தோட்டங்களைப் போலக் கம்பெனிக்காரர்கள் லண்டனில் இருந்து ஓட்டிய தொழில் அல்ல இது. நிலம் உள்ளூர், முதலாளி உள்ளூர், கயிறு கட்டிய மர ஏணியில் இருட்டுக்குள் இறங்கியவனும் உள்ளூர். காரீயத் தூள் படிந்த ஏணிப்படி எவ்வளவு வழுக்கும் என்று பென்சிலைச் சீவிவிட்டு விரலைத் தேய்த்துப் பார்த்த யாருக்கும் தெரியும். அதில்தான் ஏறி இறங்கினார்கள்.

கொழும்பில் இருந்த கிட்டங்கிகள்

காரீயம் என்றதும் எங்கள் ஆட்களுக்குக் கேகாலைப் பக்கம் போகலயும், குருநாகல் பக்கம் கஹட்டகஹவும் ஞாபகம் வரலாம், பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் படித்தது. இன்றைக்கும் இரண்டிலும் வேலை நடக்கிறது. போகல சுரங்கம் ஏறக்குறைய 500 மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது, அதன் தளங்களைப் பழைய பழக்கப்படி ஆறடி கொண்ட பாகக் கணக்கில்தான் குறிப்பிடுகிறார்கள். பாறைப் பிளவுகளுக்குள் நரம்புபோல ஓடுகிற இந்த வகைக் கட்டிக் காரீயத்தை வியாபார அளவில் வெட்டி எடுக்கிற நாடு உலகத்திலேயே இலங்கை ஒன்றுதான். தூய்மை தொண்ணூறு வீதத்துக்கும் மேலே. உலோகம் உருக்குகிற மூசைகளுக்கு இதைவிட நல்ல சரக்கு அந்தக் காலத்தில் இல்லாததால், எங்கேயாவது பெரிய சண்டை வந்தால் இங்கே காரீய விலை ஏறும். முதலாம் உலகப் போரில் உச்சத்துக்குப் போனது, அப்புறம் மடகஸ்காரின் மலிவான காரீயம் சந்தைக்கு வந்ததும் சரிந்தது, இரண்டாம் போரில் மறுபடி கொஞ்சம் எழுந்தது.

ஆனால் காரீயம் ஒரு கொழும்புத் தொழிலும்கூட. இதை நான் கவனிக்கவே நாள் எடுத்தது. சுரங்கத்திலிருந்து வருவதை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. மாட்டு வண்டியிலும் படகிலும், பிறகு ரயிலிலும் அது கொழும்புக்கு வந்து சேரும். இங்கே இருந்த கிட்டங்கிகளில் அதைக் கொட்டி, கல்லைத் தட்டி நீக்கி, ஈரச் சாக்கில் தேய்த்துப் பளபளப்பாக்கி, சல்லடையில் சலித்து, கட்டி வேறு, சில்லு வேறு, தூள் வேறு என்று பிரித்து, மரப் பீப்பாய்களில் அடைத்துத்தான் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். பிரித்தெடுத்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். நாள் முழுக்க நிலத்தில் குந்தியிருந்து, தலைமயிரிலிருந்து கால் நகம் வரை மினுமினுக்கிற கறுப்போடு வீட்டுக்குப் போனவர்கள். அமெரிக்காவில் ஜெர்ஸி சிற்றியில் இருந்த டிக்ஸன் கம்பெனியின் மூசையும் பென்சிலும் இந்தப் பெண்களின் கையைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. இன்றைய கொழும்பில் இதைச் சொல்கிற ஒரு சுவர் இல்லை, ஒரு பலகை இல்லை. கறுவாவுக்குக் கறுவாத்தோட்டம் என்ற இடப்பெயராவது மிஞ்சியது, காரீயத்துக்கு அதுவும் இல்லை.

சாக்கில் தேய்த்த கை, சவளில் போட்ட கை

இதையெல்லாம் நான் ஒரு புத்தகத் தகவலாகத்தான் வைத்திருந்தேன். தெமட்டகொடையில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஒரு பெரியவரைப் பார்க்கப் போன பிறகு அப்படி வைத்திருக்க முடியவில்லை. எண்பதைத் தாண்டியவர். எஞ்சின்களை நிறுத்திப் பராமரிக்கிற ரன்னிங் ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து, ஃபயர்மேனாகி, கேவி லைன் என்கிற களனிப் பள்ளத்தாக்குப் பாதையின் சின்ன எஞ்சின்களில் கரி போட்டவர். கடுகண்ணாவையில் நான் எடுத்த படங்களை ஃபோனில் காட்டினேன். ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "எஞ்சினெல்லாம் நல்லா பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க மகள், ஆனா பொய் மாதிரி இருக்கு" என்றார். என்ன பொய் என்று கேட்டேன். "இந்தக் கறுப்பு எங்க கறுப்பு இல்ல" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதை நான் இன்றுவரை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். எஞ்சின் முகப்பில் புகை சேருகிற அந்த உருண்டைப் பகுதி இருக்கிறதே, அங்கே சூட்டுக்குச் சாதாரணப் பெயின்ட் நிற்காது, உரிந்து விழும். அதனால் கிளீனர் பையன்கள் காரீயத் தூளை எண்ணெயில் குழைத்துத் துணியால் தேய்ப்பார்களாம். தேய்க்கத் தேய்க்க ஒரு மினுக்கம் வரும், வெயிலில் கறுப்புக்குள்ளே வெள்ளி தெரியும். "அந்த வாசம் எனக்கு முதல் நாளே தெரிஞ்ச வாசம்" என்றார். எப்படித் தெரியும் என்றால், அவருடைய அம்மா காரீயக் கிட்டங்கியில் வேலை செய்தவர். சண்டைக் காலத்தில் வேலை நிறைய இருந்ததாம். அம்மாவின் உள்ளங்கைக் கோடுகளில் இருந்த கறுப்பு, வேலை நின்று பல காலம் கழித்தும் போகவில்லையாம், சோறு பிசைந்து ஊட்டும்போது அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது என்றார். அம்மா கிட்டங்கியில் காரீயம் தேய்த்தார், மகன் ஷெட்டில் அதே காரீயத்தை எஞ்சினுக்குத் தேய்த்தார். இடையில் அந்தக் காரீயம் கொழும்புக்கு வந்ததும் ஒரு கூட்ஸ் பெட்டியில்.

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ரயிலுக்கு ஒரு நூதனசாலை, சுரங்கத்துக்கு வேறொன்று என்று நாம் பிரித்து வைத்திருப்பதே தவறு. வேலை செய்தவர்களின் வாழ்க்கையில் அவை பிரிந்து இருக்கவில்லை. ஒரே வீட்டுக்குள் இருந்தன. அந்த வீடுகளில் பல தமிழ் வீடுகள், சிங்கள வீடுகள், மலாய் வீடுகள், முஸ்லிம் வீடுகள், ஐரோப்பிய வம்சாவளிப் பறங்கி வீடுகள். ரயில்வேயில் எஞ்சின் ஓட்டியவர்களில் பறங்கியர் எத்தனை பேர், தண்டவாளம் பார்த்த லைன் கேங்குகளில் தமிழர் எத்தனை பேர் என்று பழைய ரயில்வே ஆட்களைக் கேட்டால் ஒரு முழுப் பின்னேரம் பேசுவார்கள். 1912இல் கொழும்பில் ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது நாட்டின் தொழிற்சங்க வரலாறே ஒரு திருப்பம் கண்டது. அதுவும் அந்த எஞ்சின்களின் கதைதான், ஆனால் எஞ்சினுக்கு முன்னால் நிற்கிற பலகையில் சக்கரம் எத்தனை, எடை எவ்வளவு, எந்த நாட்டில் செய்தது என்பதற்கு மட்டும்தான் இடம் இருக்கிறது.

பெரியவர் கரி போடுவதையும் செய்து காட்டினார். வீட்டுக் குப்பை அள்ளும் தகட்டை எடுத்துக்கொண்டு, கால் இரண்டையும் அகட்டி, இடுப்பைத் திருப்பி, மணிக்கட்டைக் கடைசியில் ஒரு சுண்டு சுண்டினார். ஒரே குவியலாகப் போடக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, நாலு மூலைக்கும் பரவுகிற மாதிரி. புகையின் நிறத்தைப் பார்த்தே நெருப்பு சரியா என்று தெரியும், கறுத்துக் கிளம்பினால் கரி வீண். மழைக்குத் தண்டவாளம் வழுக்கும் இடங்களில் மணல் விடவேண்டும், அந்த இடங்களை வரிசையாகச் சொன்னார், இப்போதும் பிசகாமல். இந்த அறிவு எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் இல்லை. அவருடைய விளக்கும் தொப்பியும் வீடு மாறியபோது பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டன, அதைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. கவலைப்பட்டது நான்.

ஏன் அவிசாவளை

கொழும்புக்காரர்களுக்குக் கேவி லைனை விளக்கத் தேவையில்லை. பொறளையில் கோல்ஃப் மைதானத்துக்கு நடுவால், நாரஹேன்பிட்டவில் வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு, கிருலப்பனை, நுகேகொடை, மஹரகம என்று வளைந்து வளைந்து போகிற அந்தப் பாதை ஏன் இப்படி வளைகிறது என்று கேட்டால், அது முதலில் 762 மில்லிமீற்றர் அகலமுள்ள சின்னப் பாதையாகப் பிறந்தது என்பதுதான் பதில். சின்னப் பாதைக்கு மலிவாக வளைந்து போகலாம். 1900களின் தொடக்கத்தில் அவிசாவளைக்கும் அங்கிருந்து எட்டியாந்தோட்டைக்கும் போனது, இன்னொரு கிளை 1912இல் இரத்தினபுரியை அடைந்து, 1919இல் ஓப்பநாயக்க வரை நீண்டது. எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் போர்க்காலத்தில் மூடப்பட்டது, இரத்தினபுரிக் கிளை 1970களில். மிச்சமிருந்ததை 1990களில் அகலப் பாதையாக்கினார்கள். ஆக, இன்றைக்கு ரயில் நின்றுவிடுகிற அவிசாவளை ஒரு காலத்தில் சந்தி. ஒரு பக்கம் றப்பரும் தேயிலையும் காரீயமும் உள்ள கேகாலை மாவட்டம், இன்னொரு பக்கம் மாணிக்கக் குழிகள் உள்ள இரத்தினபுரி. இந்த நாட்டின் சுரங்கமும் ரயிலும் சந்தித்த இடத்தைக் காட்டவேண்டுமென்றால் இதைவிட நல்ல ஊர் எது?

கடுகண்ணாவையை நான் குறை சொல்லவில்லை. மருதானையில் பழைய கொழும்பு டெர்மினஸ் கட்டடத்தில் 2009இல் தொடங்கிய நூதனசாலை, ரயிலின் 150ஆவது ஆண்டு நிறைவில், 2014 டிசம்பரில் அங்கே போனது. நல்ல இடம், பக்கத்தில் குடைந்த பாறை, டோசன் கோபுரம், வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். ஆனால் அது தேசிய நூதனசாலை, எஞ்சின்களைப் பார்ப்பதற்கான இடம். நான் கேட்பது ஊர்க்காரர்கள் தாங்களே வைத்து நடத்துகிற ஒன்று. ஒரு பூங்கா, நடுவில் கூரை போட்ட கொட்டகை, அதில் ஒரு சின்னப் பாதைப் பெட்டி, நாலு சிக்னல் கம்பங்கள், டேப்லட் எந்திரம். மலைநாட்டுப் பாதையில் இன்றைக்கும் டிரைவர் அந்த டேப்லட் வளையத்தைக் கையில் வாங்கிக்கொண்டுதான் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகிறார், ஒரே பாதையில் இரண்டு ரயில் எதிரெதிரே வராமல் காப்பது அதுதான். பிள்ளைகள் அந்த வளையத்தைத் தாங்களே வீசிப் பிடித்துப் பழகட்டும். பக்கத்தில் மரக்கட்டை அண்டை கொடுத்த ஒரு மாணிக்கக் குழி மாதிரி, நின்று பார்க்கிற ஆழத்துக்கு. காரீயம் பிரிக்கிற ஒரு முற்றம், சல்லடையும் ஈரச் சாக்கும் பீப்பாயும், தொட்டுப் பார்க்கக் கட்டியும் சில்லும் தூளும். கை கறுக்கட்டும், வெளியே போகும்போது கழுவிக்கொள்ளலாம்.

முதல் காசு கூரைக்குத்தான் போகவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். களனிப் பள்ளத்தாக்கு இந்த நாட்டிலேயே மழை கூடின இடங்களில் ஒன்று. இரும்பை வெட்டவெளியில் நிறுத்தி, ரிப்பன் வெட்டி, ஆண்டுக்கொருமுறை துருவின் மேலேயே பெயின்ட் அடிக்கிற நூதனசாலையை எத்தனையோ ஊர்ச் சந்திகளில் பார்த்தாயிற்று. எஞ்சினை ஓடவைக்கவேண்டும் என்ற ஆசையையும் தள்ளி வைக்கலாம். கொதிகலன் விளையாட்டில்லை, அதற்குப் பரிசோதனை, காசு, தேர்ந்த ஆள் எல்லாம் வேண்டும். நனையாமல் நிற்கிற ஒரு பெட்டியும், அதற்குப் பக்கத்தில் நின்று பேசுகிற ஓர் ஆளும் போதும், தொடங்கிவிடலாம்.

பேசுகிற ஆள் என்பதுதான் முக்கியம். வேல்ஸ் நாட்டில் பிளேனவோன் என்ற ஊரில் 1980இல் மூடிய நிலக்கரிச் சுரங்கத்தை 1983இல் நூதனசாலையாகத் திறந்தார்கள், உள்ளே கூட்டிக்கொண்டு போனவர்கள் அதே சுரங்கத் தொழில் செய்தவர்கள். அதே வேல்ஸில் டாலிலின் என்ற சின்ன ரயில், பலகைக்கல் சுரங்கத்துக்காகப் போட்டது, சுரங்கம் 1946இல் சரிந்து நின்றதும் பாதையும் சாகவேண்டியதுதான். 1951இல் தொண்டர்கள் சேர்ந்து அதை எடுத்து நடத்தினார்கள், உலகத்தில் தொண்டர்கள் காப்பாற்றிய முதல் ரயில்பாதை அது, இன்றும் ஓடுகிறது. அரசாங்கம் தொடங்கிக் கொடுக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. எங்கள் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் கோலார் இருக்கிறது, அது வலிக்கிற உதாரணம். தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இறங்கித் தங்கம் எடுத்த வயல், 2001இல் மூடப்பட்டது. வேலை போனது, சயனைட் மேடுகள் மிஞ்சின. இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

நமக்கும் அப்படிக் கைவிட்டுப் போனவை உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குப் போன சின்ன ரயில் 1948இல் நின்றது, அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பாதை போன தடத்தைக் காட்ட இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். காங்கேசன்துறையில் சுண்ணக்கல் வெட்டிய பள்ளங்களும், 1950இல் தொடங்கி 1990இல் நின்றுபோன சீமெந்து ஆலையும் இருக்கின்றன. அதே 1990இல் வடக்குப் பாதையும் நின்றது, தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் எங்கே போயின என்று வடக்கில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரயில் 2014இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. அங்கே சீமெந்து மூடை ஏற்றியவர்களின் நினைவுகளைக் கேட்டுப் பதிந்து வைக்கும் வேலையும் அந்த ஊர்க்காரர்கள் கையில் இருந்தால்தான் சரியாக வரும்.

எனக்குப் பயமும் உண்டு. நூதனசாலைப் பூங்கா என்ற பெயரில் ரயில்வே காணியில் குடியிருக்கிற ஏழைச் சனங்களை எழுப்புவதென்றால் எனக்கு அந்தப் பூங்கா வேண்டாம். கேவி லைன் ஓரத்தில் அப்படி வாழ்கிற குடும்பங்கள் எத்தனை என்று ரயிலில் போகிற எல்லாருக்கும் தெரியும், அவர்களில் சிலர் பழைய ரயில்வே ஆட்களின் பிள்ளைகள்தான். இரண்டாவது, பலகைகள். ஒரு காட்சிக்கூடத்தில் தமிழ்ப் பலகையை வாசிக்க முடியாமல், ஆங்கிலத்தைப் பார்த்து அர்த்தம் பிடிக்கவேண்டி வந்தது. மூன்று மொழியிலும் அந்தந்த மொழிக்காரர், அதுவும் தொழில் தெரிந்தவர், எழுதவேண்டும். ஃபயர்மேனுடைய வேலையை ஃபயர்மேனே சொல்லட்டும், அவர் சொன்ன வார்த்தையிலேயே.

லைனை இரட்டைப் பாதையாக்கி மின்சார ரயில் விடுகிற திட்டம் பல வருடமாகப் பேசப்படுகிறது, கொழும்பு நெரிசலுக்கு அது அவசியமும்கூட. ஆனால் அந்த வேலை தொடங்குகிற நாளில் பழைய ஸ்டேஷன் கட்டடங்கள், சிக்னல் நெம்புகோல்கள், ஊர்ப் பெயர்ப் பலகைகள் எல்லாம் லொறியில் ஏறும். எது எது இருக்கிறது என்று யாராவது முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்தான் எதையாவது நிறுத்த முடியும். நானும் கூட்டாளிகள் சிலரும் அந்தப் பட்டியலை எழுதத் தொடங்கியிருக்கிறோம், மருதானையிலிருந்து ஸ்டேஷன் ஸ்டேஷனாக. பெரியவர் பேசியதை ஃபோனில் பதிவு செய்தாயிற்று, அவர் இன்னும் இரண்டு பேரைச் சொல்லியிருக்கிறார், ஒருவர் பாதுக்கப் பக்கம் இருக்கிற சிங்கள ரயில் கார்ட், மற்றவர் ஒரு மலாய் டிரைவரின் மனைவி.

உங்கள் வீட்டில் ரயில்வேயிலோ காரீயத்திலோ மாணிக்கக் குழியிலோ வேலை செய்தவர்கள் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், கையில் முதலில் எடுத்த சாமான் எது, அதை எப்படிப் பிடிப்பது, யாரிடம் பழகினீர்கள். சித்தப்பாவிடமும் கேட்டுப் பார்த்தேன். அவருடைய தாத்தா மருதானையில் பார்சல் கந்தோரில் வேலை செய்தவராம், அது இதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. தாத்தாவின் சம்பளப் புத்தகம் ஒன்று அலுமாரியில் இருக்கவேண்டும் என்றார், தேடித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்.